மேலதிகாரியை ஏற்கச் செய்தல்

மேலதிகாரியை ஏற்கச் செய்தல் என்பது, ஓர் அமைப்பில் பணியாற்றுபவர் தமது கருத்தையோ திட்டத்தையோ எச்சரிக்கையையோ முடிவெடுக்கும் அதிகாரம் உடையவரிடம் எடுத்துரைத்து, அவர் அதை ஏற்றுச் செயற்படுத்தும்படி செய்யும் முயற்சியாகும். கட்டளை மேலிருந்து கீழே வரும். கருத்து கீழிருந்து மேலே செல்ல வேண்டும். கட்டளையிடுபவருக்கு அதிகாரம் துணை நிற்கிறது. கருத்துச் சொல்பவருக்குச் சான்றும் சொல்லும் முறையும் நம்பகத்தன்மையுமே துணை. இதனால் இது மேலாண்மையியலிலும் நிறுவன உளவியலிலும் தனித்து ஆராயப்படும் ஒரு பொருளாக உள்ளது.

நல்ல கருத்து தானாகவே ஏற்கப்படும் என்பது பரவலான எண்ணம். நடைமுறை அவ்வாறு இல்லை. மனிதன் நிலவில் இறங்கிய வழிமுறையே முதலில் பல குழுக்களால் ஒதுக்கப்பட்ட ஒன்றாகும். அதேபோல, தகுந்த நேரத்தில் சொல்லப்பட்டும் ஏற்கப்படாத ஓர் எச்சரிக்கை ஏழு பேரின் உயிரிழப்பில் முடிந்துள்ளது. இவ்விரு நிகழ்வுகளும் இக்கட்டுரையில் விரிவாகக் கூறப்படுகின்றன.

ஏற்க மறுப்பதற்கான காரணங்கள்

மேலதிகாரி ஒரு கருத்தை மறுப்பதற்கு அவரது பிடிவாதம் மட்டுமே காரணமாக இருப்பதில்லை. பொதுவாகக் காணப்படும் காரணங்கள் பின்வருமாறு:

பொறுப்பு: புதிய முயற்சி தோற்றால் பதில் சொல்ல வேண்டியவர் மேலதிகாரியே. கருத்துச் சொன்னவருக்குக் கிடைக்கும் நன்மையையும் மேலதிகாரி ஏற்கும் இடரையும் ஒரே தராசில் வைக்க இயலாது.

இருக்கும் நிலையைப் பற்றிக்கொள்ளும் இயல்பு: மாற்றத்தால் வரும் இழப்பு கண்முன் தெரியும், மாறாமல் இருப்பதால் வரும் இழப்பு எளிதில் தெரியாது. வில்லியம் சாமுவேல்சன், ரிச்சர்டு செக்கௌசர் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர்கள் பொதுவாகவே நடப்பு நிலையைத் தேர்ந்தெடுக்கும் சாய்வு உடையவர்கள் எனக் காட்டியது.

வெளியிலிருந்து வந்த கருத்து: தம் பிரிவில் தோன்றாத கருத்தைக் குறைத்து மதிப்பிடும் போக்கு ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் உண்டு.

நேரமின்மை: ஒரே நாளில் பல கோரிக்கைகள் வரும்போது, தெளிவில்லாத கோரிக்கையே முதலில் ஒத்திவைக்கப்படும்.

ஆய்வுகள்

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூலில், தாம் சார்ந்த அமைப்பில் குறை காண்பவருக்கு இரண்டு வழிகள் இருப்பதாகக் கூறினார். ஒன்று விலகுதல், மற்றொன்று குரல் கொடுத்தல். அமைப்பின்மீது உள்ள பற்றுறுதி இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பாதிக்கிறது. கருத்துச் சொல்லும் ஊழியர் பெரும்பாலும் அமைப்பின்மீது பற்றுடையவர் என்ற பார்வைக்கு இது அடிப்படையானது.

டேவிட் கிப்னிஸும் உடன் ஆய்வாளர்களும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், பணியிடத்தில் பிறரை இணங்கச் செய்யப் பயன்படும் உத்திகளை வகைப்படுத்தினர். காரணம் காட்டுதல், ஆதரவாளர்களைத் திரட்டுதல், இணக்கமாகப் பழகுதல், பேரம் பேசுதல், அழுத்திக் கேட்டல், மேலும் உயர்ந்த அதிகாரியிடம் செல்லுதல் ஆகியவை அவற்றுள் சில. ஜேன் டட்டன், சூசன் ஆஷ்போர்டு ஆகியோர் 1993-இல், நடுநிலைப் பணியாளர்கள் ஒரு சிக்கலை உயர் நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்லும் முறையைத் தனிக் கோட்பாடாக விளக்கினர். ஏமி எட்மண்ட்சன் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, தவறையும் ஐயத்தையும் வெளிப்படையாகச் சொன்னால் தண்டனை வராது என்ற நம்பிக்கை உள்ள குழுக்களே நன்கு கற்றுக்கொள்கின்றன எனக் காட்டியது.

நிகழ்வு 1: ஜான் ஹூபோல்ட்டும் நிலவுப் பயணமும்

மூன்று வழிகள்

1961 மே 25 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி, அப்பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலவில் இறக்கித் திரும்பக் கொண்டுவரும் இலக்கை அறிவித்தார். எப்படிச் செல்வது என்பது அப்போது முடிவாகவில்லை. நாசாவின் முன் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது நேரடி ஏற்றம். மிகப் பெரிய ஏவூர்தி ஒன்றில் முழு விண்கலத்தையும் அனுப்பி, அதையே நிலவில் இறக்கி, அதையே திருப்பிக் கொண்டுவருவது. இதற்காக நோவா என்ற மாபெரும் ஏவூர்தி திட்டமிடப்பட்டது. இரண்டாவது புவிச் சுற்றுப்பாதைச் சந்திப்பு. விண்கலத்தின் பகுதிகளையும் எரிபொருளையும் தனித்தனியே ஏவி, புவியைச் சுற்றும் பாதையில் ஒன்றுசேர்த்து நிலவுக்கு அனுப்புவது. ஏவூர்தி வல்லுநர் வெர்னர் ஃபான் பிரவுன் தலைமையிலான மார்ஷல் மையம் இதை ஆதரித்தது. மூன்றாவது நிலாச் சுற்றுப்பாதைச் சந்திப்பு. தாய்க்கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்க, சிறிய இறங்குகலம் மட்டும் தரையிறங்கி, மேலெழும்பி வந்து தாய்க்கலத்துடன் இணைவது.

மூன்றாவது வழியின் சிறப்பு எடைச் சிக்கனம். நிலவில் இறக்கும் ஒவ்வொரு கிலோவையும் வேகம் குறைத்து இறக்கவும், திரும்ப எடுத்துச் செல்வதானால் மீண்டும் மேலேற்றவும் எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமக்க மேலும் எரிபொருள் வேண்டும். புவிக்குத் திரும்பத் தேவையான எரிபொருளையும், வளிமண்டலத்தில் நுழையும்போது காக்கும் கனமான வெப்பக் கவசத்தையும் நிலவின் தரைவரை கொண்டுபோய்த் திருப்பி எடுத்துவருவது வீண். அவற்றைச் சுற்றுப்பாதையிலேயே விட்டுச் சென்றால், ஏவும்போது இருக்க வேண்டிய மொத்த எடை பெருமளவு குறைந்துவிடும்.

எதிர்ப்பு

இக்கருத்து ஹூபோல்ட்டின் கண்டுபிடிப்பு அன்று. யூரி கோந்திராத்யூக் பல ஆண்டுகளுக்கு முன்பே இதுபோன்ற வழியை எழுதியிருந்தார். வாட் நிறுவனத்தின் பொறியாளர்களும், லாங்லி ஆய்வு மையத்தில் வேறு சிலரும் இதை ஆராய்ந்திருந்தனர். 1919-இல் பிறந்த ஜான் ஹூபோல்ட் லாங்லி மையத்தில் பணியாற்றிய பொறியாளர். வானூர்திகள்மீது செயற்படும் விசைகளை ஆராய்வது அவரது முதன்மைப் பணி. நிலவுத் திட்டத்துக்குப் பொறுப்பான பதவி எதுவும் அவரிடம் இல்லை. கணக்கிட்டுப் பார்த்தபோது எடைச் சிக்கனத்தின் அளவு அவரை வியக்க வைத்தது. அன்றுமுதல் இதை எடுத்துச் சொல்வதைத் தம் கடமையாகக் கொண்டார்.

1960 டிசம்பரில் நாசா தலைமையகத்தில் அவர் இதை விளக்கியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. விண்கல வடிவமைப்பாளர் மாக்ஸ் ஃபாஜே, அவரது எண்கள் பொய் சொல்கின்றன என அவையிலேயே கூறினார். அந்த எதிர்ப்பில் ஓரளவு நியாயமும் இருந்தது. இறங்குகலத்தின் எடையை ஹூபோல்ட் மிகக் குறைவாக மதிப்பிட்டிருந்தார். பின்னர் உண்மையில் பறந்த கலம் ஏறத்தாழ 15 டன் எடை கொண்டிருந்தது.

எதிர்ப்பின் ஆழமான காரணம் அச்சம். அப்போது விண்வெளியில் இரு கலங்கள் சந்தித்ததே இல்லை. புவிச் சுற்றுப்பாதையில் சந்திப்புத் தவறினால் வீரர்கள் தரைக்குத் திரும்பலாம். ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் நிலவைச் சுற்றும்போது தவறினால், காப்பாற்ற வழியே இல்லை. முடிவெடுக்க வேண்டியவர்கள் கண்முன் கண்டது இக்காட்சியே. எடைச் சிக்கனத்தைப் பற்றிய எண்கள் மட்டும் அந்த அச்சத்துக்கு விடையாகவில்லை.

ஒன்பது பக்கக் கடிதம்

1961-இல் நாசா அமைத்த ஆய்வுக் குழுக்கள் பிற வழிகளுக்கே முதலிடம் தந்தன. 1961 மே மாதத்தில் ஹூபோல்ட், நாசாவின் மூன்றாம் நிலை அதிகாரியான இணை நிர்வாகி ராபர்ட் சீமன்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதனால் முடிவு மாறவில்லை. 1961 நவம்பர் 15 அன்று, தமக்கும் சீமன்ஸுக்கும் இடையிலிருந்த அதிகாரிகள் அனைவரையும் தாண்டி, ஒன்பது பக்கங்களில் இரண்டாவது கடிதத்தை அனுப்பினார்.

அக்கடிதத்தில் மூன்று கூறுகள் குறிப்பிடத்தக்கவை. முதலில், தாம் முறைமீறி எழுதுவதை அவரே ஒப்புக்கொண்டார். அடுத்து, விவாதத்தை இலக்கை நோக்கித் திருப்பினார்; நிலவுக்குச் செல்லும் எண்ணம் உண்மையில் இருக்கிறதா என நேரடியாகக் கேட்டார். மூன்றாவதாக, பிற வழிகளின் இடர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். மாபெரும் நோவா ஏவூர்தி கேள்வியின்றி ஏற்கப்பட, எளிய வழி மட்டும் ஏன் தன்னைத் தற்காத்துக்கொள்ள வேண்டியுள்ளது என்பது அவரது வினா.

சீமன்ஸ் கடிதத்தைக் குப்பையில் போடவில்லை. எழுதியவரைத் தண்டிக்கவும் இல்லை. மனித விண்பறப்புப் பிரிவின் தலைவர் பிரெய்னர்ட் ஹோம்ஸிடம் அதை அனுப்பினார். ஹோம்ஸின் துணைவராகச் சேர்ந்த ஜோசப் ஷே, வழிமுறைகளை மீண்டும் ஒப்பிட்டு ஆராயும் பொறுப்பை ஏற்றார். அவரும் தொடக்கத்தில் இவ்வழியை ஆதரித்தவர் அல்லர். ஹூபோல்ட்டின் ஆய்வுகளைப் பார்த்தபின், தனித்த ஆய்வுகளுக்கு ஏற்பாடு செய்தார்.

முடிவு

1962-இன் தொடக்க மாதங்களில் ராபர்ட் கில்ரூத் தலைமையிலான மனித விண்கல மையத்தினர் தாமே கணக்கிட்டுப் பார்த்து மனம் மாறினர். நிலவில் இறங்குவதற்கென்றே ஒரு கலத்தையும், புவிக்குத் திரும்புவதற்கென்றே மற்றொரு கலத்தையும் வடிவமைப்பது அவர்களது பணியை எளிதாக்கியது. கடுமையாக எதிர்த்த ஃபாஜேயும் ஆதரவாளரானார். 1962 ஜூன் 7 அன்று ஃபான் பிரவுன், தம் மையத்தின் பல மாத உழைப்பை ஒதுக்கிவைத்து, நிலாச் சுற்றுப்பாதைச் சந்திப்பையே பரிந்துரைப்பதாக அறிவித்தார். காலக்கெடுவுக்குள் வெற்றிபெற இதுவே சிறந்த வாய்ப்பு என்பது அவர் கூறிய காரணம். 1962 ஜூலை 11 அன்று நாசா இம்முடிவை வெளியிட்டது.

விண்வெளியில் முதல் சந்திப்பு 1965 டிசம்பரில் ஜெமினி 6A, ஜெமினி 7 கலங்களுக்கிடையே நிகழ்ந்தது. 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11-இன் இறங்குகலம் நிலவில் இறங்கியபோது ஹூபோல்ட் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் விருந்தினராக அமர்ந்திருந்தார். ஃபான் பிரவுன் அவரிடம் நன்றி கூறினார்.

இந்நிகழ்வு காட்டுபவை

ஹூபோல்ட்டின் கடிதம் கதவைத் திறந்தது. அதனால் மட்டும் முடிவு மாறிவிடவில்லை. எதிர்த்தவர்கள் தம் சொந்தக் கணக்கில் அதே விடையைக் கண்டபோதுதான் மாற்றம் வந்தது. பிறர் சொன்ன விடையைவிடத் தாம் கண்ட விடையை மனிதர்கள் எளிதில் நம்புகின்றனர். ஹூபோல்ட்டின் மிகைத் துல்லியமான நம்பிக்கையும், குறைத்து மதிப்பிட்ட எடையும் அவருக்கு ஓராண்டுக்கு மேல் இடையூறாயின. மேலும், கடிதத்தைப் பெற்றவர் அதன் கடுமையான நடையைப் பொறுத்துக்கொண்டு உள்ளடக்கத்தைப் பார்த்ததால்தான் அது பயன்பட்டது. எல்லா மேலதிகாரிகளும் சீமன்ஸ் அல்லர்.

நிகழ்வு 2: சாலஞ்சர் எச்சரிக்கை

சாலஞ்சர் விண்ணோடத்தின் திட எரிபொருள் ஊக்கிகளை மார்ட்டன் தயகால் நிறுவனம் செய்துவந்தது. ஊக்கியின் பகுதிகள் சேருமிடத்தில் சூடான வாயு கசியாமல் தடுக்க ரப்பர் வளையங்கள் இருந்தன. குளிரில் அவ்வளையங்கள் இறுகி, தகுந்த நேரத்தில் இடைவெளியை அடைக்காது என அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் அஞ்சினர். அவர்களுள் ஒருவரான ரோஜர் பாய்ஜொலி 1985 ஜூலை 31 அன்று தம் நிறுவனத்தின் துணைத் தலைவருக்கு எழுதிய குறிப்பில், உடனே சரிசெய்யாவிட்டால் பேரழிவு நேரலாம் என எச்சரித்தார்.

1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் கடுங்குளிர் இருக்கும் எனத் தெரிந்ததும், தொலைபேசி வழியே அவசரக் கூட்டம் நடந்தது. ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் குறைவான வெப்பநிலையில் ஏவக்கூடாது எனப் பொறியாளர்கள் பரிந்துரைத்தனர். நாசா அதிகாரிகள் அதற்கான சான்றைக் கேட்டு மறுத்துப் பேசினர். நிறுவனத்தினர் தனியே கலந்துபேச நேரம் கேட்டனர். பாய்ஜொலியும் உடன் பொறியாளர் ஒருவரும் படங்களைக் காட்டி மன்றாடினர். இறுதியில் மேலாளர்கள் மட்டும் முடிவெடுத்து, ஏவலாம் என அறிவித்தனர். ஜனவரி 28 அன்று விண்ணோடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதைந்தது. ஏழு வீரர்களும் உயிரிழந்தனர்.

விசாரணை நடத்திய ரோஜர்ஸ் ஆணையம் ஒரு முக்கியமான செய்தியைச் சுட்டியது. அதுவரை நடந்த பறப்புகளுள், வளையத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 19 பாகை செல்சியசும் அதற்கு மேலும் இருந்த 20 பறப்புகளில் மூன்றில் மட்டுமே வளையச் சேதம் காணப்பட்டது. ஏறத்தாழ 17 பாகையும் அதற்குக் கீழும் இருந்த நான்கு பறப்புகளிலும் சேதம் இருந்தது. சேதமடைந்த பறப்புகளை மட்டும் வரிசைப்படுத்தினால் வெப்பத்துக்கும் சேதத்துக்கும் தொடர்பு தெரியாது. சேதமில்லாத பறப்புகளையும் சேர்த்தால் தொடர்பு பளிச்செனத் தெரியும். அன்றிரவு அனுப்பப்பட்ட தாள்களில் இந்த ஒப்பீடு இல்லை. இதை எட்வர்டு டஃப்டி தம் நூலில் விமர்சித்தார். சில மணி நேரத்தில், கையிலிருந்த தரவுகளைக் கொண்டு அதைச் செய்திருக்க இயலாது எனப் பாய்ஜொலி தரப்பினர் மறுத்தனர்.

இவ்விவாதம் எப்படி முடிந்தாலும், பொறுப்பு எச்சரித்தவர்களைச் சாராது. வழக்கமாக, பாதுகாப்பானது என மெய்ப்பித்தால்தான் ஏவுவார்கள். அன்றிரவு, ஆபத்து என மெய்ப்பிக்கும் சுமை பொறியாளர்கள் தலையில் ஏற்றப்பட்டது. கேட்பவர் மனம் மூடியிருக்கும்போது சொல்பவரின் திறமைக்கு எல்லை உண்டு என்பதற்கு இது சான்று.

நடைமுறையில் பின்பற்றப்படும் வழிகள்

மேலதிகாரியின் சிக்கலிலிருந்து தொடங்குதல்: தமக்கு வேண்டியதைக் கேட்பதைவிட, மேலதிகாரி ஏற்கெனவே கவலைப்படும் ஒன்றுக்குத் தீர்வாகக் கருத்தை முன்வைப்பது பயன்தரும். எடுத்துக்காட்டாக, ஒரு ஜவுளிக்கடையில் துணி மாற்ற வருபவர்களும் பில் போட வருபவர்களும் ஒரே வரிசையில் நிற்கின்றனர் எனக் கொள்வோம். இங்கு ஒழுங்கே இல்லை என்று முதலாளியிடம் சொல்லும் பணியாளருக்குக் கோபமே பதிலாகக் கிடைக்கலாம். வரிசையைப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்புவோரை ஒரு வாரம் எண்ணிக் குறித்துக் காட்டுபவர், முதலாளியின் வணிகத்தைப் பற்றிப் பேசுகிறார்.

சிறிய சோதனையாகக் கேட்டல்: முழு மாற்றத்துக்கு ஒப்புதல் கேட்பதைவிடத் திரும்பப் பெறக்கூடிய சோதனைக்கு ஒப்புதல் பெறுவது எளிது. மேற்கண்ட கடையில், ஆடித் தள்ளுபடி நாள்களில் துணி மாற்றத்துக்குத் தனி மேசை போட்டுப் பார்க்கலாம். பயனில்லையெனில் எடுத்துவிடலாம். மேலதிகாரி ஏற்கும் இடர் இதனால் குறைகிறது.

குறையை முதலில் தாமே சொல்லுதல்: கருத்தின் செலவையும் பலவீனத்தையும் மறைத்தால், பிறர் கண்டுபிடிக்கும்போது முழுக் கருத்தும் நம்பகம் இழக்கும். ஹூபோல்ட்டின் எடைக் கணக்குக்கு நேர்ந்தது இதுவே.

முன்கூட்டியே பேசிவைத்தல்: சப்பானிய நிறுவனங்களில் இதற்கு நெமவாஷி என்று பெயர். மரத்தை இடம்பெயர்த்து நடுவதற்கு முன் வேரைச் சுற்றி மண்ணைப் பதப்படுத்துவது என்பது அச்சொல்லின் மூலப்பொருள். கூட்டத்துக்கு முன்பே தொடர்புடைய ஒவ்வொருவரையும் தனித்தனியே கண்டு அவர்களது மறுப்பைக் கேட்டுத் திட்டத்தைத் திருத்திக்கொள்வர்.

ஒரே தாளில் எழுதுதல்: டொயோட்டா நிறுவனத்தில் சிக்கல், காரணம், தீர்வு, சரிபார்க்கும் முறை ஆகியவற்றை ஒரே A3 தாளில் அடக்கும் வழக்கம் உண்டு. எழுதும்போதே தம் கருத்திலுள்ள ஓட்டை எழுதுபவருக்குத் தெரிந்துவிடும். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் உதவியாளர் எழுதும் அலுவலகக் குறிப்பும் கோப்பில் நிலைத்து நிற்கும் எழுத்துப் பதிவாகும்.

நேரம் பார்த்தல்: வரவுசெலவுத் திட்டம் முடிந்த மறுவாரம் பணம் கேட்பதும், மேலதிகாரி தணிக்கைக்கு விடை எழுதும் நாளில் புதுத் திட்டம் பேசுவதும் நல்ல கருத்தையும் கெடுக்கும்.

பெருமையைப் பகிர்தல்: கருத்தில் மேலதிகாரியின் திருத்தங்களுக்கு இடம் விட்டால், அது அவருடையதாகவும் ஆகிறது. ஆனால் உழைத்தவரின் பெயர் முற்றிலும் மறைந்தால், அடுத்த கருத்து வெளிவராது.

தமிழ் இலக்கியத்தில்

திருக்குறளின் பொருட்பால் இப்பொருளைப் பல கோணங்களில் பேசுகிறது. மன்னரைச் சேர்ந்தொழுதல் என்னும் 70-ஆம் அதிகாரம், அரசனின் குறிப்பறிந்து, காலம் கருதி, வெறுப்பில்லாதவற்றை அவன் விரும்பும்படி சொல்ல வேண்டும் என்கிறது. சொல்வன்மை, குறிப்பறிதல், அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்கள் இதன் தொடர்ச்சி. எனினும் இது முகத்துதிக்கான பாடம் அன்று. அமைச்சு என்னும் 64-ஆம் அதிகாரம், சொல்வதைத் தள்ளி, தானும் அறியாத அரசனாயினும், அவனுக்கு உறுதியானதை எடுத்துச் சொல்வது அருகிலிருப்பவரின் கடமை என்கிறது. பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரமோ கேட்பவர் பக்கம் திரும்பி, இடித்துரைப்பார் இல்லாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என எச்சரிக்கிறது. சொல்பவருக்கு நயமும் துணிவும், கேட்பவருக்குப் பொறுமையும் வேண்டும் என்பது இவற்றின் திரண்ட கருத்து.

மறுக்கப்பட்டால்

மறுப்பு எப்போதும் முடிவாகாது. எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டது, எது மாறினால் மீண்டும் பரிசீலிக்கப்படும் எனக் கேட்டறிவது அடுத்த முயற்சிக்கு வழிகாட்டும். ஹூபோல்ட்டின் வெற்றிக்கும் முதல் எதிர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இருந்தது.

கருத்து வசதி, செலவு, அழகு ஆகியவை பற்றியதாயின், முடிவை ஏற்று முழு மனத்துடன் பணியாற்றுவது வழக்கம். மேலதிகாரிக்குத் தெரியும் சில செய்திகள் ஊழியருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவரது மறுப்பே சரியாகவும் இருக்கலாம். உயிர், உடல்நலம், சட்டம் ஆகியவை பற்றியதாயின் நிலை வேறு. அங்கு எழுத்தில் பதிவு செய்வதும், முதலில் நேர் மேலதிகாரியிடம் சொல்லி, பின் அவருக்கும் மேலே செல்வதும் கடமையாகக் கருதப்படுகின்றன. இவ்வாறு மேலே செல்வதால் பணியுறவு கெடலாம், வேலையே போகலாம். சாலஞ்சர் விசாரணையில் உண்மையைச் சொன்ன பாய்ஜொலி, உடன் பணியாற்றியோரால் ஒதுக்கப்பட்டு அந்நிறுவனத்தை விட்டு விலகினார். எனவே ஊழியர் பேசும் திறனை வளர்த்துக்கொள்வதுடன், அச்சமின்றிப் பேசும் சூழலை நிறுவனம் உருவாக்குவதும் இதன் பிரிக்க முடியாத பகுதியாகும்.